மரை போன பெடல்: சைக்கிள் மரையை நாமே பார்த்துச் சரிசெய்யலாம்



போன முறை கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வராத தவணை எல்லாம் பேசி முடித்து டீ குடிக்கும்போது ஓர் உறுப்பினர் கேட்டார். “ஏன் மேடம், லோன் வாங்குறது, புத்தகம் எழுதுறது எல்லாத்துக்கும் பாடம் போடுறீங்க. எம் மக சைக்கிள்ல பெடல் கழண்டு கழண்டு விழுது. அதுக்கு ஒரு பாடம் போடக் கூடாதா?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டில் சைக்கிள் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றபோது பாதிக்கு மேல் கை எழும்பியது. அதில் எதையாவது கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் என்று கேட்டதும் இரண்டு கைதான் மிஞ்சியது. அதனால் இந்த மாதப் பாடம் சைக்கிள் மரை.

“மரை கழண்டவ” என்று பெண்களைப் பார்த்துச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியும் என்று நாம் கேட்டுப் பார்க்கலாம்.

நம்முடைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சைக்கிள் புதிது இல்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம நர்சுகள் எல்லாம் அதில் உண்டு. லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டினார்கள். அப்போது பழகிய ஓர் அக்கா இன்றும் நம் கூட்டமைப்பில் இருக்கிறார். அவர் சொன்னது: “எனக்கு ஓட்டத்தான் தெரியும். செயின் கழண்டாக் கூட தள்ளிக்கிட்டுத்தான் வருவேன். கடைக்காரர் என்ன சொல்றாரோ அதான் கணக்கு.”

அந்தக் கடைக்காரரிடம் போவதற்கு முன்னால் நமக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இதில் எழுதுகிறோம். முதலில் நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறோம். மறைத்துவிட்டுப் பாடம் நடத்த மனசு வரவில்லை.

நாங்கள் செய்த தப்பு

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவின் ஊக்குநர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய மகள் பிளஸ் ஒன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில்தான் தினமும் போய்வந்தாள். பள்ளி ஐந்து கிலோமீட்டர். பெடல் இரண்டிலும் ரப்பர் போய் வெறும் கம்பிதான் இருந்தது. நாங்கள் டவுனிலிருந்து ஒரு ஜோடி புதுப் பெடல் வாங்கிப் போய், “கடைக்கு எதுக்கு, நாங்களே மாட்டித் தர்றோம்” என்றோம்.

பழையதைக் கழற்றவே படாத பாடு பட்டோம். பிறகு கைக்கு வந்த புதுப் பெடலை இடது பக்கக் கிராங்கில் வைத்துத் திருகினோம். ஒரு சுற்று போனது. பிறகு இறுக்கம். புதுசு, அதனால்தான் இறுக்கம் என்று நினைத்து, ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி நெம்பினோம். நாலு சுற்று போய் நின்றுவிட்டது. அடுத்த பெடலை வலது பக்கம் வைத்தால் அது பிடிக்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, “மேடம், மாத்திப் போட்டுட்டீங்க, அது ரைட்டு பெடல்” என்றான்.

கழற்றி மாற்றிப் போட்டோம். வலது சரியாக உட்கார்ந்தது. இடது உள்ளே போனது, ஆனால் தொளதொளவென்று இருந்தது. ‘போய்விட்டதே, போதும்’ என்று விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஒன்பதாவது நாள் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது இடது பெடல் கழன்று விழுந்தது. பிள்ளையும் விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு. கை தேறியது. அப்பா மட்டும், “இனிச் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸுல போகட்டும்” என்றுவிட்டார். அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்கச் சிறப்பு வகுப்பை விட்டுவிட்டு ஓடி வரவேண்டும். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அவளுக்கு அந்த வகுப்புகள் எல்லாம் போயிற்று.

ஒரு பெடல் மரைக்கு இவ்வளவு விலை. நாங்கள் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த ஊக்குநர் கோபப்படவில்லை. “நீங்க வேணும்னா செஞ்சீங்க? எனக்குத் தெரிஞ்சிருந்தா, தொளதொளன்னு இருக்கே, ஓட்டாதேன்னு நானே சொல்லியிருப்பேன்” என்றார். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இந்தப் பாடமும் அவருக்காகத்தான்.

மரை என்றால் என்ன

நம் காதில் இருக்கும் தோட்டைக் கழற்றிப் பாருங்கள். தண்டைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஏறிக்கொண்டே போகும். திருகாணிக்கு உள்ளேயும் அதே பள்ளம் இருக்கும். ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறது. அதுதான் மரை. சைக்கிளில் பெடல் தண்டு, சக்கரத்து ஆக்ஸில், நட்டு, போல்ட்டு எல்லாவற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது.

தோட்டில் நமக்கு அனுபவம் இருக்கிறது. திருகாணி தேய்ந்தால் தோடு தொலையும். இரண்டு காதுத் திருகாணியை மாற்றிப் போட்டால் சிலசமயம் ஏறாது, ஏறினாலும் இறுகாது. கண்ணாடி இல்லாமல் இருட்டில் மாட்டும்போதுகூட விரலுக்கே தெரிந்துவிடும், கோணலாக ஏறுகிறதா நேராக ஏறுகிறதா என்று. அந்த விரல் நிதானம்தான் சைக்கிளுக்கும் வேண்டும். தோட்டுத் திருகாணியை யாரும் இடுக்கி வைத்துத் தொடங்குவதில்லை அல்லவா?

இடது பெடல் ஏன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது

வீட்டில் நாம் பார்க்கிற மரை பெரும்பாலும் வலப்பக்கம் சுற்றினால் இறுகும். கடிகார முள் போகிற பக்கம். சைக்கிளில் வலது பெடலும் அப்படித்தான். இடது பெடல் மட்டும் எதிர். இடப்பக்கம் சுற்றினால் இறுகும், வலப்பக்கம் சுற்றினால் கழலும்.

காரணம் இருக்கிறது. ஒரு பென்சிலை எடுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து அதற்குள் பென்சிலைத் தொளதொளவென்று நிற்க விடுங்கள். இப்போது மறுகையால் பென்சிலின் நுனியைப் பிடித்து வட்டமாகச் சுற்றுங்கள். நீங்கள் ஒரு பக்கம் சுற்ற, பென்சில் வளையத்துக்குள் எதிர்ப்பக்கம் உருளும். பெடல் தண்டும் கிராங்கு ஓட்டைக்குள் இப்படித்தான் மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உருளப் பார்க்கிறது. அப்படி உருளும்போது கழலாமல் இறுகும் பக்கமாகவே உருளட்டும் என்றுதான் இடதுக்கு எதிர்மரை வைத்தார்கள். பிறகு 1903-ல் விமானம் பறக்கவிட்ட அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்கள் தயாரித்த சைக்கிளிலும் இந்த எதிர்மரைப் பெடல் இருந்தது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சுலப வழி: ஸ்பானரின் கைப்பிடி மேலே பார்த்து நிற்கும்படி பெடலில் மாட்டுங்கள். முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும். இரண்டு பெடலுக்கும் இதே கணக்குதான்.

பெடலை வாங்கும்போதே தண்டின் நுனியிலோ, ஸ்பானர் பிடிக்கும் இடத்திலோ இங்கிலீஷ் எழுத்து இருக்கும். ‘எல்’ என்றால் இடது, ‘ஆர்’ என்றால் வலது. எழுத்து அழிந்துவிட்டால் மரை முனை மேலே பார்க்கும்படி தண்டை நிமிர்த்திப் பிடித்துப் பள்ளத்தைப் பாருங்கள். வலப்பக்கம் ஏறிப் போனால் வலது பெடல், இடப்பக்கம் ஏறிப் போனால் இடது. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு இது எழுத்தைவிட நம்பிக்கையான அடையாளம்.

மரை எப்படிப் போகிறது

நாங்கள் பார்த்தவரை முக்கால்வாசி மரை போவது இரண்டு வழியில்தான். ஒன்று, தொடக்கத்திலேயே கோணலாக வைத்துப் பலத்தால் இறுக்குவது. மற்றொன்று, தளர்ந்த பிறகும் ஓட்டுவது. துரு மூன்றாவது. மழையில் நிற்கிற சைக்கிளுக்கு அது தனிக் கதை.

தளர்ந்த பெடல் முன்னாலேயே சொல்லிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்று சத்தம் வரும். கால் வைக்கும்போது பெடல் லேசாகச் சாயும். கிராங்கு ஓட்டையின் வாயில் பளபளவென்று இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். அந்தத் தூள்தான் உங்கள் மரை. பழைய மாதிரி இரும்புக் கிராங்கு கொஞ்ச நாள் தாங்கும். இப்போது வருகிற சில சைக்கிள்களில் அலுமினியக் கிராங்கு. பெடல் தண்டு இரும்பு, கிராங்கு மெத்து. தளர்வோடு கொஞ்சம் ஓட்டினாலே உள்மரை வழித்துக்கொண்டு போய்விடும்.

கோணலாகத் தொடங்குவதைத் தடுக்க ஒரு பழக்கம் வேண்டும். மரையை ஓட்டையில் வைத்ததும் உடனே இறுக்கும் பக்கம் திருகாதீர்கள். முதலில் கழற்றும் பக்கமாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் ‘டக்’ என்று சின்னதாக இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கேதான் மரையின் வாய். அங்கிருந்து இறுக்கும் பக்கம் திருப்புங்கள். மூன்று நான்கு சுற்றாவது வெறும் விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் கழற்றிப் பாருங்கள். அழுக்கு இருக்கும், அல்லது வாய் நசுங்கியிருக்கும், அல்லது எங்களைப் போல மாற்றி வைத்திருப்பீர்கள்.

சரிசெய்வது

எதுவானாலும் முதலில் துடையுங்கள். மண்ணெண்ணெயோ டீசலோ கொஞ்சம் எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் மரைப் பள்ளத்தில் இருக்கும் கிரீஸ் அழுக்கைத் தேய்த்து எடுங்கள். அடுப்பு, பீடி பக்கத்தில் வேண்டாம். மரை போய்விட்டது என்று கொண்டுவந்த சைக்கிள் சிலவற்றில் போனது மரை இல்லை, பள்ளம் முழுக்க இறுகிய மண்தான்.

துடைத்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். வாயில் ஒன்றிரண்டு சுற்று மட்டும் நசுங்கியிருந்தால் அது நம் கைக்குள் இருக்கிற வேலை. உள்ளே பாதிக்கு மேல் மழுங்கியிருந்தால் லேத் பட்டறைக்கு. பள்ளமே தெரியாமல் வழவழவென்று ஓட்டை மட்டும் இருந்தால் அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

முதலில் வெளிமரை. பின்சக்கர ஆக்ஸில் இதில் அதிகம் அடிபடும். சக்கரம் கழலவில்லை என்று நுனியில் சுத்தியலால் தட்டுகிறோம், நுனி காளான் போல விரிந்துவிடுகிறது. பிறகு நட்டு ஏறாது. ஒரு முக்கோண அரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அரிவாள் தீட்டவும் உதவும். விரிந்த நுனியைச் சுற்றிலும் லேசாகச் சாய்த்து அராவுங்கள். பிறகு அரத்தின் விளிம்பைப் பள்ளத்தோடு சேர்த்து வைத்து, பள்ளம் போகிற சாய்விலேயே நசுங்கிய மேட்டைத் திருத்துங்கள். அவசரப்பட்டு நல்ல மேட்டையும் சேர்த்து அராவிவிடக் கூடாது.

இன்னொரு வழி பட்டறைக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. அதே அளவுள்ள பழைய நல்ல நட்டு ஒன்றை எடுத்து, அதன் உள்மரைக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக மூன்று இடத்தில் ஹாக்ஸா பிளேடால் பள்ளம் வெட்ட வேண்டும். எண்ணெய் விட்டு அந்த நட்டை ஆக்ஸிலில் ஏற்றினால், வெட்டிய விளிம்பு அழுக்கையும் நசுங்கலையும் சுரண்டிக்கொண்டே போகும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். கடையில் விற்கிற டை என்ற கருவி செய்வதும் இதைத்தான். லேசான நசுங்கலுக்கு நம் பழைய நட்டே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மாதிரி சைக்கிளில் பின் ஆக்ஸில் 3/8 அங்குலம், முன் ஆக்ஸில் 5/16 அங்குலம். இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 26 மரை, மிகவும் நெருக்கம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 3/8 நட்டில் சாதாரணமாக அங்குலத்துக்கு 16 மரைதான். ஓட்டை ஒன்றுதான், மரை வேறு. ஒரு சுற்று ஏறும், பிறகு ஸ்பானர் போட்டால் இரண்டும் நாசம். புது மாடல் சில சைக்கிள்களில் 10 மில்லிமீட்டர் ஆக்ஸில் வருகிறது. அந்த நட்டு 3/8 ஆக்ஸிலில் சுலபமாக ஏறிவிடும், அதுதான் ஆபத்து. இறுக்கும்போது பிடிக்காமல் வழுக்கும். அதனால் நட்டு வாங்கப் போனால் பழைய நட்டையாவது கையில் கொண்டு போங்கள், சைக்கிள் கடையிலேயே வாங்குங்கள். கண் அளவு, கை அளவு வேண்டாம்.

அடுத்தது உள்மரை, அதாவது கிராங்கு ஓட்டை. பெரியவர்கள் ஓட்டுகிற சைக்கிளில் பெடல் மரை 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20. சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் இரண்டு பக்கக் கிராங்கும் ஒரே கம்பியாக வளைந்து வந்தால் அதில் 1/2 அங்குலம் இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிராங்கில் மரை நசுங்குவது பெரும்பாலும் வெளிப்பக்கம்தான், பெடல் நுழைகிற வாயில். சட்டத்தைப் பார்த்திருக்கிற பின்பக்கத்தில் மரை நன்றாகவே இருக்கும். அதனால் பின்பக்கமிருந்து உள்ளே வர வேண்டும். நல்ல மரை வழியைக் காட்டும், நசுங்கிய இடத்தை அது நேராக்கிக்கொண்டே வெளியே வரும். இதற்கு டேப் என்ற கருவி வேண்டும், வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. எந்தப் பக்கமிருந்து நுழைத்தாலும் இடது மரை இடது மரைதான். இடது கிராங்கில் டேப்பைப் பின்பக்கமிருந்து விட்டாலும், அதற்கு நேராக நின்று பார்த்து இடப்பக்கம்தான் சுற்ற வேண்டும். பயிற்சியில் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. எண்ணெய் விடுங்கள். நேராகப் பிடியுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். இறுகினால் நெம்பாதீர்கள். டேப் உள்ளே ஒடிந்துவிட்டால் அதை எடுப்பது மரையைச் சரிசெய்வதைவிடப் பெரிய வேலை.

கிராங்கைச் சைக்கிளிலிருந்து கழற்றாமலே இதைச் செய்ய முடிந்தால் நல்லது. இடம் போதாமல் கழற்ற வேண்டி வந்தால் காட்டர் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். ஆப்பு மாதிரி செருகியிருக்கும் அந்தப் பின்னின் மரையைத்தான் நம் ஊர்களில் அதிகம் கொல்கிறார்கள். நட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மரை முனையிலேயே சுத்தியலால் அடித்தால் மரை தாங்குமா? நட்டை முழுதாகக் கழற்றாமல் பின்னின் முனைக்குச் சமமாக நிறுத்துங்கள். கிராங்குக்கு அடியில் ஒரு கட்டையோ கனமான குழாயோ முட்டுக்கொடுங்கள். மேலே ஒரு மரத்துண்டு வைத்து ஒரே அடியாக அடியுங்கள். அப்படியும் மரை போய்விட்டால் பின்னைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள், புதுசு போடுங்கள். விலை அதிகம் இல்லாத சாமான் அது.

கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு போல்ட்டெல்லாம் சுலபம். மரை போனால் ஓட்டை வழியாகப் போகிற நீள போல்ட்டு, வாஷர், நட்டு போட்டு முடித்துவிடலாம்.

நாம் தொடக் கூடாதவை

ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மரை, பெடல் நடுவில் பால்ரஸ் இருக்கும் கப்பின் மரை, பின்சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஏறும் மரை. இந்த மூன்றையும் வீட்டில் அராவ வேண்டாம். கப்பில் வலது பக்கம் எதிர்மரை இருக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், யாராவது அதைத் தப்பான பக்கம் நெம்பினால் நிறுத்தச் சொல்லலாம்.

பெடல் தளர்ந்தால் மரைக்குள் தகரத் துண்டு, நூல், பிளாஸ்டிக் பை சுற்றித் திருகுகிறார்கள். வேண்டாம். கொஞ்ச தூரம் பிடித்திருக்கும், எப்போது விடும் என்று தெரியாது. சில இடங்களில் பெடலையே கிராங்கோடு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் அடுத்த முறை பெடல் தேய்ந்தால் கிராங்கையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டும். முழுதாகப் போன ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே புஷ் வைத்துப் புது மரை எடுத்துத் தரும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. அது நல்ல வேலைதான். ஆனால் முதலில் புதுக் கிராங்கு என்ன விலை என்று கேளுங்கள். சாதாரண இரும்புக் கிராங்குக்குப் புதுசே லாபமாக இருக்கலாம்.

பட்டறையில் நடந்தது

நாங்கள் கெடுத்த அந்தக் கிராங்கை டவுனில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். வயதான ஒருவர் விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். “மாத்திப் போட்டு நெம்பினது ஒரு தப்பு. அன்னைக்கே கொண்டாந்திருந்தா பின்னாடி இருந்து டேப் விட்டு அஞ்சு நிமிஷத்துல குடுத்திருப்பேன். தொளதொளன்னு ஒன்பது நாள் ஓட்டி, இருந்த நல்ல மரையையும் தேச்சுட்டீங்கம்மா” என்றார். புது இடது கிராங்கும் காட்டர் பின்னும் எங்கள் செலவில் போட்டோம்.

அவர் அன்று கூலி வாங்காமல் வேறொரு பழைய கிராங்கில் டேப் விட்டுக் காட்டினார். எங்கள் கையிலும் கொடுத்துச் செய்ய வைத்தார். நாங்கள் வழக்கம்போல அழுத்தினோம். “மரை தானாப் போகணும்மா, நீங்க தள்ளக் கூடாது” என்று கையைத் தட்டிவிட்டார்.

சைக்கிள் சரியாகி வந்த பிறகும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஊக்குநர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். “ஒரு வாரம் நான் ஓட்டுறேன். சந்தைக்கு, பேங்குக்கு எல்லாம் இதுலதான் போவேன். கழண்டா எங்கூட கழலட்டும்” என்றார். ஒவ்வொரு நாள் காலையும் ஸ்பானர் வைத்துப் பெடலைப் பார்த்தார். மூன்றாவது நாள் கொஞ்சம் இடம் கொடுத்தது, இறுக்கினார். அதற்குப் பிறகு அசையவில்லை. எட்டாவது நாள் மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். அப்பா வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புதுப் பெடல் போட்ட எல்லோரும் இதைச் செய்யுங்கள். மாட்டும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், துருப் பிடிக்காது, அடுத்த முறை கழற்றவும் வரும். முதல் வாரம் இரண்டு மூன்று முறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை போதும், குழுக் கூட்டத்து நாளிலேயே பார்த்துவிட்டால் மறக்காது.

குழுவில் செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு ஒரு சைக்கிளை மரத்தடிக்குக் கொண்டு வாருங்கள். முதலில் பென்சில் சோதனையைச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொருவரும் இடது பெடலைக் கழற்றி, விரலாலேயே திரும்ப ஏற்றிப் பாருங்கள். வயதான உறுப்பினர்களை விட்டுவிடாதீர்கள். தோட்டுத் திருகாணி போட்டுப் பழகிய விரலுக்கு இது சீக்கிரம் வருகிறது, எங்கள் பயிற்சியில் ‘டக்’கை முதலில் கண்டுபிடித்தது 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மாதான். உங்கள் ஊரில் யாருடைய சைக்கிளில் சத்தம் வருகிறது என்று தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைத் தொழிலாகச் செய்யலாமா என்று இரண்டு குழுக்கள் கேட்டிருக்கிறார்கள். மரை வேலை மட்டும் வைத்து ஒரு ஊரில் பிழைக்க முடியாது. பஞ்சர், பிரேக் கட்டை, பால்ரஸ் மாற்றுவது எல்லாம் சேர்ந்தால், அதுவும் பள்ளிக்கூடம் பக்கத்தில் இடம் கிடைத்தால், யோசிக்கலாம். கடன் எழுதுவதற்கு முன்னால் ஒரு மாதம் உங்கள் ஊரில் எத்தனை சைக்கிள் பழுதாகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கருவிப் பெட்டி கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. 9/16 டேப் இடது ஒன்று, வலது ஒன்று, டேப் கைப்பிடி, 15 மில்லிமீட்டர் பெடல் ஸ்பானர், முக்கோண அரம், வெட்டிய நட்டு இரண்டு, எண்ணெய்க் குப்பி. நாங்கள் கெடுத்த இடது கிராங்கும் அதிலேயே இருக்கிறது, விரல் விட்டுப் பார்ப்பதற்காக. ஊக்குநரோ பிரதிநிதியோ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு மூன்று நாளைக்கு எடுத்துப் போகலாம். திருப்பித் தரும்போது டேப்பைத் துடைத்து எண்ணெய் தடவிக் கொடுங்கள்.